கணவருக்கு ஹெபடைடிஸ் பி, சிரோசிஸ்: கீழாநெல்லியை நிறுத்தச் சொல்லலாமா?

மன்னார்குடி வாசகி:

என் கணவருக்கு வயது 46. ஹெபடைடிஸ் பி வைரஸால் கல்லீரல் சுருங்கி சிரோசிஸ் ஆகிவிட்டது. வயிற்றிலிருந்து இரண்டு முறை நீர் எடுத்தாயிற்று. மாற்று அறுவைச் சிகிச்சைக்கான பரிசோதனைகளைத் தொடங்கச் சொல்கிறார் மருத்துவர். கல்லீரலில் ஒரு பகுதியைத் தர என் கொழுந்தனார் முன்வந்திருக்கிறார். மாமனாரோ விடிவதற்குள் வாய்க்கால் வரப்புக்குப் போய்க் கீழாநெல்லி பறித்து வந்து, அம்மியில் அரைத்து, மோரில் கலந்து கொடுக்கிறார். பத்தியம் என்று மூன்று வேளையும் உப்பில்லாத மோர்ச்சோறுதான். "சென்னையில் ஆராய்ச்சி செய்து லண்டன் பத்திரிகையில் வந்த மருந்து இது. நம் ஊரில் எத்தனை பேருக்குக் காமாலை இறங்கியிருக்கிறது!" என்கிறார். அந்த ஆராய்ச்சி உண்மையா? அவர் மனம் நோகாமல் என்ன சொல்வது? கொழுந்தனாருக்கு ஆபத்து ஏதும் வருமா?

நெல்லை மருந்தாளுநர் (ஓய்வு):

சகோதரி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கணவர் சாப்பிடும், வைரஸை அடக்கும் மாத்திரை ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் மாமனார் சொல்லும் ஆராய்ச்சி உண்மைதான். 1988இல் லான்செட் இதழில் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு செய்தது. இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். காய வைத்த கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. அதைப் படித்த அன்று மருந்தகத்தில் எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. நம் வரப்பில் முளைக்கும் செடி அல்லவா!

ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு மருந்து நிலைக்க வேண்டுமானால் இன்னொருவர் கையிலும் அது வேலை செய்தாக வேண்டும். தவிர, அந்த ஆய்வு வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களைப் பற்றியது. சுருங்கித் தழும்பேறிய கல்லீரல் அதனால் திரும்பும் என்று அது சொல்லவே இல்லை.

ஊரில் காமாலை இறங்கியதும் பொய்யல்ல. தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். அந்த நாட்களில் கீழாநெல்லி குடித்தவர் கீழாநெல்லியால் பிழைத்தேன் என்றுதான் நினைப்பார். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்: அவர் கண்ட காமாலை வேறு, மகனுக்கு வந்திருப்பது வேறு.

எனக்கு அதைவிடக் கவலை அந்த மோர்ச்சோறுதான். உப்பைக் குறைப்பது சரி, வயிற்றில் நீர் சேராமலிருக்க அது உதவும். புரதத்தைக் குறைப்பதுதான் கேடு. சிரோசிஸ் நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல். 60 கிலோ என்றால் நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம். முட்டை, பருப்பு, பால், சுண்டல் எல்லாம் வேண்டும். இரவு படுக்கப் போகுமுன் கஞ்சியோ பாலோ கட்டாயம் கொடுங்கள். இரவு முழுதும் வயிறு காய்ந்தால் உடம்பு தன் சதையையே தின்னத் தொடங்கும். சதை வற்றிய உடம்பு அறுவைச் சிகிச்சையைத் தாங்குவது கடினம். அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது மாத்திரை விஷயம். 2014இல் என் தங்கை கணவருக்கும் இதே நோய். பச்சிலை வைத்தியம் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நான்கே மாதத்தில் அடங்கியிருந்த வைரஸ் கிளம்பியது. ஒரு வாரத்தில் கண் மஞ்சளாகி, பிறகு பேச்சுக் குழறி, மாற்றுக் கல்லீரலுக்குப் பெயர் பதியும் முன்பே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, அரிசி டிரம்முக்குப் பின்னால் மாத்திரை டப்பா கிடைத்தது. மூடியின் முத்திரை உடைக்கப்படவே இல்லை. முப்பத்தொரு வருடம் ஊருக்கெல்லாம் மருந்து எண்ணிக் கொடுத்தவன் நான். அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. கொழுந்தனாருக்கு முதலில் இந்த வைரஸ் பரிசோதனையைச் செய்யுங்கள். பிரசவத்தில் தாயிடமிருந்து பரவும் நோய் இது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இருவருக்கும் இருக்கக்கூடும். மாமியாருக்கும், உங்களுக்கும், பிள்ளைகளுக்கும் பாருங்கள். இல்லையென்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஊசி, ஆறு மாதத்தில் முடிந்துவிடும்.

அப்பாவுக்குக் கொடுத்தவன்:

அக்கா, ஐயா சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. கொடையாளரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் என் கல்லீரலின் வலது பக்கத்தை அப்பாவுக்குக் கொடுத்தேன், ஏறத்தாழ 60 சதவீதம். கொடுப்பவரிடம் குறைந்தது 30 சதவீதமாவது மிஞ்சும் என்று ஸ்கேனில் அளந்து பார்த்த பிறகே எடுப்பார்கள். எனக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்ததால் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரவுச் சோற்றை விட்டு, தினமும் ஆற்றுப் பாலம் வரை நடந்து, ஆறு கிலோ குறைத்துக்கொண்டு திரும்பப் போனேன்.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலது பக்கம் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை இறக்கக்கூடும் என்று என்னிடம் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு வீட்டில் ஒரு வாரம் பேசினோம். என் மனைவி சம்மதித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். கொழுந்தனாரின் மனைவியிடம் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். கொழுந்தனார் மனம் மாறினாலும் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது.

பித்தப்பையையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். முதல் மூன்று நாள் இருமினால் வலியில் உயிர் போகும். ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டுதான் இருமினேன். மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது. என் இரண்டு வயது மகளைக்கூடத் தூக்கவில்லை. மிஞ்சிய கல்லீரல் சில மாதங்களில் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது. அப்பா இப்போது காலையில் நடக்கப் போகிறார்.

மன்னார்குடி வாசகி:

இரண்டு பேருக்கும் நன்றி. ஐயா எழுதியதை மாமனாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அரிசி டிரம் வந்த இடத்தில் எழுந்து உள்ளே போய், கணவரின் மாத்திரை டப்பாவை எடுத்து வந்து எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. பிறகு, "முட்டையை அவித்துக் கொடுக்கலாமா, பொரித்தா?" என்று கேட்டார்.

நாளைக் காலை ஏழு மணிக்குக் கொழுந்தனாருக்கு ரத்தம் எடுக்கிறார்கள். மாமியாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நானும் போகிறேன்.