காலையில் பையனுக்குக் கண் ஒட்டிக்கொள்கிறது, வீட்டில் இருக்கிற பழைய சொட்டு மருந்தைப் போடலாமா?

பொதிகைக்காற்று:

பையனுக்கு நாலரை வயது, யூகேஜி. போன வாரம் முழுக்க சளி, மூக்கு ஒழுகல். முந்தாநாள் காலையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு "அம்மா, கண்ணைக் காணோம்"னு ஒரே அழுகை. பார்த்தால் வலது கண்ணில் பீளை காய்ந்து, இமை முடியெல்லாம் பசை தடவின மாதிரி ஒட்டியிருந்தது. வெந்நீரில் துணியை நனைத்து ஊற வைத்துத்தான் திறக்க முடிந்தது. இன்றைக்கு இடது கண்ணும் அப்படியே. பகலில் துடைத்துவிட்டாலும் அரை மணி நேரத்தில் மஞ்சளும் பச்சையுமாகத் திரும்ப வந்துவிடுகிறது. கண் சிவப்பு, ஆனால் பயங்கரச் சிவப்பு இல்லை. விளையாடுகிறான், சாப்பிடுகிறான், டிவி பார்க்கிறான்.

மெட்ராஸ் ஐ என்று சொல்லி மிஸ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்றுவிட்டார்கள். என் பிரச்சினை என்னவென்றால், மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து முக்கால் பாட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் கிடக்கிறது. அதுவும் ஆன்டிபயாடிக்தானே, போடலாமா? மாமியார் நந்தியாவட்டைப் பூவைப் பறித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், குழந்தைக்கு 20 நாள் ஆகிறது, அதனால் பக்கத்து வீட்டு அக்கா வேறு "தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டாப் போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஆறுக்கு_ஆறு:

அக்கா, நான் 12 வருடமாக ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பார்வையைச் சோதிக்கிறவர்) வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பாட்டிலை வெளியே எடுத்து லேபிளைப் படியுங்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கிற சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும், அதாவது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்குகிற மருந்தும், சேர்ந்திருக்கும். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன், லோட்டிபிரெட்னால் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. இதைப் போட்டால் சிவப்பு சட்டென்று வடிந்துவிடும், அதுதான் ஆபத்தே. உள்ளே இருப்பது ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் கண் வெளியே பார்க்க வெள்ளையாக இருக்கும், கருவிழியில் புண் பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும். சில பேருக்கு, குழந்தைகளுக்கும்தான், கண் பிரஷர் ஏறிவிடும். ஸ்டீராய்டே இல்லாவிட்டாலும், திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆன கண் மருந்து குப்பைக்குத்தான். ஃப்ரிட்ஜில் வைத்தால் மட்டும் அது புதுசாகிவிடாது.

அடுத்து, இது மெட்ராஸ் ஐ தானா? 1918இல் மெட்ராஸில் பரவியதால் வந்த பெயர் என்பார்கள். நம் ஊரில் கண் சிவந்தால் எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். ஊரே கண்ணாடி போட்டுத் திரிகிற அளவுக்குப் பரவுகிறதே, அது பெரும்பாலும் அடினோவைரஸ். தண்ணீராக வடியும், மண் விழுந்த மாதிரி உறுத்தும், காதுக்கு முன்னால் சின்னதாக நெறி கட்டும். ஆன்டிபயாடிக் அதற்கு ஒன்றும் செய்யாது, தானாக அடங்க ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். ரெண்டு கண்ணும் ஓயாமல் அரித்துக் கசக்கிக்கொண்டே இருந்தால் அது அலர்ஜி. நீங்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. கெட்டியான பீளை, துடைக்கத் துடைக்க வருகிறது, காலையில் இரண்டு கண்ணும் ஒட்டுகிறது, அரிப்பைப் பற்றிச் சொல்லவே இல்லை. பாக்டீரியா என்றுதான் தோன்றுகிறது. சின்னக் குழந்தைகளுக்கு அதுதான் அதிகம், பெரியவர்களுக்கு வைரஸ் அதிகம். ஆனால் நேரில் பார்க்காமல் யாராலும் சத்தியம் செய்ய முடியாது, நேரில் பார்த்தாலும் சில சமயம் குழப்பும்.

லேசான பாக்டீரியா தொற்று மருந்தே இல்லாமல் ஒரு வாரம் பத்து நாளில் போய்விடுவதும் உண்டு. சொட்டு மருந்து போட்டால் சீக்கிரம் போகும், அடுத்தவருக்குப் பரவுவதும் குறையும். இப்போது சளி வேறு பிடித்திருக்கிறது என்பதால் ஒன்று கேட்கிறேன், காதைப் பிடித்து இழுக்கிறானா? ராத்திரி அழுகிறானா? ஹீமோஃபிலஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது, கண்ணையும் காதையும் சேர்த்தே பிடிக்கும். அப்படியென்றால் சொட்டு மருந்து மட்டும் பத்தாது, வாய் வழியாகவும் மருந்து வேண்டியிருக்கும். அதனால் குழந்தை டாக்டரிடமே காட்டிவிடுங்கள்.

வலி அதிகமாக இருந்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை இறுக்கினாலோ, கண் சிமிட்டிய பிறகும் மங்கலாகவே தெரிகிறது என்றாலோ, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தாலோ அன்றைக்கே கண் டாக்டர். காண்டாக்ட் லென்ஸ் போடுகிற பெரியவர்கள் கண் சிவந்ததும் லென்ஸைக் கழற்றிவிட்டு நேராகப் போய்விட வேண்டும், அவர்களுக்குக் கருவிழிப் புண் வருகிற வாய்ப்பு அதிகம்.

அந்த 20 நாள் குழந்தைதான் எனக்குக் கவலை. பையன் கை, துண்டு எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. பிறந்து ஒரு மாதத்துக்குள் கண்ணில் சீழ் வந்தால் அது அவசரம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கீழரதவீதி:

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் ப்ரோ, எல்லோரும் கூலிங் கிளாஸ் போடுங்கள் 😎

ஆறுக்கு_ஆறு:

பார்த்தால் ஒட்டாது சார். கை, துண்டு, தலையணை உறை இது வழியாகத்தான் போகும். கூலிங் கிளாஸ் நோயாளிக்கு வெளிச்சம் கூசாமல் இருக்கத்தான்.

மழைக்குருவி:

ஸ்டீராய்டு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குக் கண் சிவந்தது. வேலை முடிந்து வரும் வழியில் மெடிக்கலில் நின்று "கண்ணுக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க" என்றேன், அவ்வளவுதான். ஒரு சீட்டு இல்லை, கேள்வி இல்லை, 70 ரூபாயோ என்னவோ. மூன்றாவது நாள் கண் பளிச். நண்பர்களுக்கெல்லாம் அதே பெயரைச் சிபாரிசு வேறு செய்தேன். ஒன்பதாவது நாள் பஸ் போர்டு படிக்க முடியவில்லை. கண் டாக்டர் பச்சையாக ஏதோ சாயம் விட்டு, நீல லைட்டில் பார்த்து, மரக்கிளை மாதிரி கருவிழியில் புண் ஓடுகிறது, ஹெர்பிஸ் என்றார். ஒன்றரை மாதம் மருந்து. இன்றைக்கும் அந்தக் கண்ணில் ஒரு தழும்பு இருக்கிறது, ராத்திரியில் எதிரே வருகிற பைக் லைட் சிதறும். தயவுசெய்து அந்த பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள்.

வடக்குவாசல்_பாட்டி:

கண்ணு, நானும் என் பிள்ளைகளுக்கு நந்தியாவட்டை வைத்தவள்தான், தாய்ப்பாலும் விட்டவள்தான். மூடின இமை மேல் பூவை வைத்தால் குளுகுளுவென்று இருக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. பறித்த பூவில் தூசி, எறும்பு, அதன் பால் எல்லாம் இருக்கும், கண்ணுக்குள் பிழியக் கூடாது. தாய்ப்பாலில் சர்க்கரைச் சத்து இருக்கிறது, புண்ணான கண்ணில் அது எதற்கு? மாமியாரிடம் சண்டை போடாதே, பூவைச் சாமிக்கு வைக்கச் சொல்லிவிடு.

பீளை எடுக்கிறதைச் சொல்கிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வை, கை பொறுக்கிற சூடு போதும். பஞ்சை நனைத்துப் பிழிந்து இமை மேல் இரண்டு நிமிஷம் வை, காய்ந்தது தானாக இளகும். அப்புறம் மூக்கோரத்தில் இருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, அந்தப் பஞ்சைத் தூக்கிப் போடு, அடுத்த இழுப்புக்கு வேறு பஞ்சு. ஒரு கண்ணுக்குத் தொட்டதை இன்னொரு கண்ணுக்குத் தொடாதே. புடவைத் தலைப்பால் துடைக்காதே, நாங்களெல்லாம் அப்படித்தான் வீடு முழுக்கப் பரப்பினோம் 😀

பொதிகைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. லேபிளில் டெக்ஸாமெத்தசோன் என்றுதான் எழுதியிருக்கிறது!! எழுத்து எறும்பு மாதிரி, செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். கை நடுங்கிவிட்டது.

சாயங்காலமே குழந்தை டாக்டரிடம் போனோம். காதில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, வலது காதில் செவிப்பறை சிவந்து வீங்கியிருக்கிறது என்றார். காது வலிக்கிறது என்று இவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை! அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் சிரப் எழுதினார், கண்ணுக்கு மாக்ஸிஃப்ளாக்ஸசின் சொட்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். இதில் ஸ்டீராய்டு இல்லைதானே என்று நானே கேட்டேன், சிரித்துவிட்டு இல்லை என்றார்.

ஆனால் சொட்டு விடுவதுதான் பெரும்பாடு. இரண்டு பேர் பிடித்தும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான், மருந்தெல்லாம் காது வழியாகத் தலையணைக்குப் போகிறது. இன்னொன்று, மூன்று நாளில் சரியாகிவிட்டால் நிறுத்திவிடலாமா?

ஆறுக்கு_ஆறு:

பிடிக்கவே வேண்டாம் அக்கா. மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், அதுதான் அவனுக்குப் பிடிக்கிறதே. மூக்கோரக் கண் முனையில் குளம் மாதிரி ஒரு சொட்டு விடுங்கள், தலையை ஆட்டாமல் இருக்கட்டும். பிறகு "இப்ப கண்ணைத் தொற"ன்னு சொன்னால் மருந்து தானாக உள்ளே போய்விடும். ஒரு சொட்டு போதும், கண் அதற்கு மேல் தாங்காது. பாட்டில் முனை இமையில் படக் கூடாது. முன்னாலும் பின்னாலும் உங்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், முக்கியமாகப் பாப்பாவைத் தூக்குகிறதுக்கு முன்னால்.

நடுவில் நிறுத்தாதீர்கள். பீளை மூன்றாம் நாளே குறைந்துவிடும், இருந்தாலும் டாக்டர் சொன்ன ஏழு நாளையும் முடியுங்கள், சிரப்பும் அவர் சொன்ன நாள் வரை. மாறாக இரண்டு மூன்று நாள் போட்டும் குறையவே இல்லை என்றால் திரும்பக் காட்டுங்கள். பள்ளிக்கூடத்துக்கு, மருந்து ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் கழித்து, பீளை நின்றதும் அனுப்பலாம் என்பார்கள், மிஸ்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலையணை உறையையும் துண்டையும் தினமும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

பொதிகைக்காற்று:

குளம் டெக்னிக் வேலை செய்கிறது!! இன்று காலை கண் ஒட்டவில்லை, இமை ஓரத்தில் கொஞ்சம் பொருக்கு மட்டும். புது பாட்டிலில் திறந்த தேதியை மார்க்கரில் எழுதிவிட்டேன். பழைய பாட்டிலைக் குப்பையில் போட்டதற்கு மாமனார் "அது 180 ரூபாய் மருந்தும்மா" என்று இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார்.