பட்டியலில் என் இடம்: இணைப்புக்குப் பிறகு விமானிகளுக்கு நடந்தது

முத்துப்பேட்டை பக்கத்திலிருந்து:

எங்கள் விமானக் கம்பெனியும் இன்னொன்றும் இணைந்த பிறகு வந்த முதல் சீனியாரிட்டி பட்டியலை, அதாவது விமானிகளின் பணிமூப்பு வரிசையை, எங்கள் வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்துதான் திறந்தேன். லீவில் ஊருக்கு வந்திருந்தேன். வீட்டுக்குள் சிக்னல் இருக்காது. பிடிஎஃப் இறங்கியதும் என் எம்ப்ளாயி நம்பரைத் தேடினேன். பட்டியலே பெரிதாகிவிட்டதால் எண் கூடும் என்று தெரியும். எனக்குக் கீழே எத்தனை பேர் என்றுதான் பார்த்தேன். பழைய கம்பெனியில் பாதிப் பேர் எனக்குக் கீழே இருந்தார்கள். இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று தடவை பார்த்தேன், அதே இடம்தான்.

மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த அப்பா, "ஏண்டா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார். நான் சிபிஎல் என்னும் விமானி லைசென்ஸை முடிக்க நிலத்தை அடமானம் வைத்தவர். அவரிடம் மறைக்க முடியவில்லை. "தண்ணி முறை மாதிரிதாம்பா. ரெண்டு வாய்க்காலை ஒண்ணா சேத்து என்னைக் கடைமடைக்குத் தள்ளிட்டாங்க" என்றேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கல்லணை திறந்து, மூணாறு தலைப்பில் பிரிந்து, கோரையாற்றில் எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டே இருந்த மனிதர் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "வருமா வராதான்னு இருக்கறதுகூடப் பரவாயில்ல, எப்ப வரும்னு தெரியாம இருக்கறதுதான் கஷ்டம்" என்றார்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது வெறும் எண். எங்களுக்கு எப்போது கமாண்ட் கிடைத்து கேப்டன் ஆவோம், எந்த விமானம், எந்த ஊரிலிருந்து பறப்போம் என்ற பேஸ், ஆள் குறைத்தால் முதலில் யார் என்று எல்லாவற்றிலும் அந்த எண்ணுக்குப் பங்கு உண்டு. பிடிக்கவில்லை என்று வேறு கம்பெனிக்குப் போனால் பெரும்பாலும் அங்கே கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும். சர்வீஸைக் கையோடு எடுத்துப் போக முடியாது.

இரண்டு பட்டியலைச் சேர்க்கும்போது எந்தக் கணக்கு நியாயம் என்பதில்தான் சண்டையே. வேலையில் சேர்ந்த தேதியை வைத்தால் அதிக வருடம் ஓடிய கம்பெனிக்காரர்கள் மேலே போவார்கள். வேகமாக வளர்ந்த கம்பெனியில் ஐந்து வருடத்தில் கேப்டன் ஆனவர், பன்னிரண்டு வருடமாகக் கோ-பைலட்டாக இருப்பவருக்குக் கீழே வந்துவிடுவார். அவரவர் பழைய பட்டியலில் மேலிருந்து எத்தனை பங்கில் நின்றார் என்ற விகிதத்தை வைத்துக் கோர்த்தால், பல வருடம் உழைத்தவர் நேற்று வந்தவரோடு நிற்பார். அமெரிக்காவில் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் 2005-இல் இணைந்தபோது இதுதான் நடந்தது. 2007-இல் நடுவர் தீர்ப்பு வந்தும், கிழக்கு, மேற்கு என்று இரு கூட்டமாகவே பல வருடம் பறந்தார்கள். நம் நாட்டிலும் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தது 2007-இல். 2012 மே மாதம், ட்ரீம்லைனர் என்ற புது விமானத்துக்கான பயிற்சியை எந்தப் பக்கத்து விமானிகளுக்குத் தருவது என்பதில் வெடித்த ஸ்ட்ரைக் 58 நாள் நீடித்தது. கம்பெனியின் பெயர் ஒன்றாகி ஐந்து வருடம் ஆகியும் விமானிகள் ஒன்றாகவில்லை.

என்னைப் பொறுத்தவரை இரண்டு கணக்கிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் இணைப்பு அறிவிப்பு வரும் முன்னாலேயே எந்தக் கணக்கு என்று எழுதி வைக்க வேண்டும். தண்ணீர் திறந்த பிறகு முறை பேசினால் மண்வெட்டிதான் பேசும்.

கும்பகோணத்திலிருந்து:

தம்பி சொன்னதைப் படித்ததும் என் கதை ஞாபகம் வந்தது. எனக்கு இணைப்பு இல்லை, விமானமே மாறியது. நான் ஏடிஆரில் கேப்டன். கம்பெனி அந்தச் சின்ன விமானங்களை எல்லாம் குத்தகைக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏர்பஸ்ஸுக்கு மாறியது. அந்த விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங், சிமுலேட்டர், செக் எல்லாம் மறுபடியும். இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டிய பாண்டும் புதிது. உட்கார வேண்டியது வலது பக்கம், கோ-பைலட் சீட்டில்.

அப்போது ஊருக்கு வந்திருந்தேன். அம்மா என் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டு, தோளில் மாட்டும் பட்டையைக் கையில் எடுத்தார். "நாலு கோடு இருக்குமேடி, ஒண்ணு எங்க?" என்று கேட்டார். நாலு கோடு கேப்டனுக்கு. புது விமானம் என்று மட்டும் சொன்னேன். அன்று இரவு அவர் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. திரும்ப நாலாவது கோடு வர மூன்றரை வருடம் ஆனது. லாக்புக்கில் ஏடிஆர் மணி நேரம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஏர்பஸ் பத்தி மட்டும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது.

சேரப்போகிற பிள்ளைகளுக்கு ஒன்று. சம்பளத்தைக் கேட்கும் முன், அந்தக் கம்பெனி என்ன விமானம் ஆர்டர் கொடுத்திருக்கிறது, எதைக் கழிக்கப் போகிறது என்று கேளுங்கள்.

திருவையாற்றிலிருந்து:

நான் ரிட்டையர் ஆனவன். இணைப்புக்குப் பிறகு ஒரு ராத்திரி ஃப்ளைட்டில் எங்களோடு இணைந்த கம்பெனிப் பையன் எனக்குக் கோ-பைலட். எங்கள் ஆட்களால்தான் அவன் இடம் கீழே போனது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். செக்லிஸ்ட் தவிர நாலு மணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. காக்பிட்டில் அப்படி ஒரு மௌனம் ஆபத்து. தப்பைப் பார்த்தால் வாய் திறந்து சொல்ல வேண்டிய இடம் அது. இறங்கும் முன் நானே பேச்சைத் தொடங்கினேன். எந்த ஊர் என்று கேட்டேன். மன்னார்குடி என்றான். அப்புறம் அவன் வீட்டு வயலில் சம்பா நட்டாச்சா என்று பேசிக்கொண்டே இறக்கத்துக்குத் தயாரானோம். லேண்டிங்கை அவனிடமே கொடுத்தேன். சுத்தமாக இறக்கினான்.

அதற்குப் பிறகு அவனோடு ரோஸ்டர் விழவில்லை. கமாண்ட் கிடைத்ததா என்று தெரியவில்லை. மன்னார்குடித் தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுது.