சாதாரண சீலிங் ஃபேனின் அடியில் விளக்கு மாட்ட முடியுமா?

தில்லைநகர் மருமகள் (கேள்வி):

வணக்கம். திருச்சியில் வாடகை வீடு. பத்துக்குப் பதினோரு அடி அறை ஒன்றில் என் மாமனார் இருக்கிறார். கண்புரை அறுவை செய்துகொண்டவர். ஆனாலும் செய்தித்தாளைத் தலைப்பில் தொடங்கி டெண்டர் விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். அந்த அறைக்கு இருக்கும் ஒரே விளக்கு, பரணுக்குக் கீழே சுவரில் மாட்டிய டியூப்லைட். கட்டிலை வேறு பக்கம் திருப்ப இடமில்லை. அதனால் அவர் தலையின் நிழல் அவர் படிக்கும் பக்கத்தின்மேலேயே விழுகிறது. "என்னை நானே மறைத்துக்கொண்டு படிக்கிறேன்" என்று தினமும் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

சுவரில் துளை போட வழியில்லை. ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி உத்தரவு வாங்க வேண்டும்.

அறையின் நடுவில் ஃபேன் இருக்கிறது. 1200 மி.மீ., மூன்று இறக்கை, பழுப்பு நிறம், மிகச் சாதாரண வகை. அது எங்களுடையது, வீட்டுக்காரருடையது அல்ல. சிங்கப்பூரில் என் நாத்தனார் வீட்டில் எல்லா ஃபேனுக்கும் அடியில் வட்டமாக ஒரு விளக்கு உண்டு. இணையத்தில் பார்த்தால் அதைத் தனியாகவே விற்கிறார்கள்: கண்ணாடிக் கிண்ணம், மூன்று திருகு, இழுத்தால் எரியும் ஒரு சங்கிலி. "எல்லா ஃபேனுக்கும் பொருந்தும்" என்று போட்டிருக்கிறது.

உண்மையிலேயே பொருந்துமா? ஃபேன் சுவிட்சைப் போட்டால் விளக்கும் சேர்ந்து எரியுமா, தனி சுவிட்ச் வேண்டுமா? ரெகுலேட்டரைக் குறைத்தால் விளக்கும் மங்குமா? "எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார் என் கணவர். வருகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாமல், கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு பேச நினைக்கிறேன்.

உட்லண்ட்ஸ்காரன்:

உங்கள் நாத்தனார் ஊரிலிருந்துதான் எழுதுகிறேன். இங்கே வீவக வீடுகளில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில், கூரை தாழ்வு. ஃபேனுக்கு ஓரிடம், விளக்குக்கு ஓரிடம் என்று பிரிக்க மனம் வராது. அதனால் இரண்டையும் ஒன்றாகவே விற்கிறார்கள், வாங்குகிறோம். வெறும் ஃபேனை வாங்கி மாட்டிவிட்டுப் பிறகு விளக்கைச் சேர்த்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. விளக்கோடு வருவதும் பெரும்பாலும் பல்பு அல்ல, எல்.இ.டி. தட்டு. ரிமோட்டில் ஒரே பொத்தானை அழுத்த அழுத்த வெள்ளை, இளமஞ்சள், மஞ்சள் என்று நிறம் மாறும். தட்டு பழுதானால் அதே நிறுவனத்தின் அதே மாதிரித் தட்டைத் தேடி அலைய வேண்டும்.

நாத்தனாரிடம் ஒன்று வாங்கி வரச் சொல்லலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இரண்டு ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதனால் ஓடும். ஆனால் உதிரிபாகம் ஒன்று போனால் அதற்காக இன்னொருவர் விமானம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

பிளேனோ டெக்சஸ்:

சங்கிலி வைத்த அந்தக் கிட் அமெரிக்க வழக்கம். இங்கே பல ஃபேன்களை விளக்கு இல்லாமல் வாங்கலாம், பின்னால் விருப்பப்பட்டால் விளக்கைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாம். அதற்கென்றே ஃபேனின் அடியில் சுற்றாத ஒரு சிறு குடுவை இருக்கும். அதன் நடுவிலுள்ள மூடியைக் கழற்றினால் துளை. உள்ளே விளக்குக்காக விட்ட நீல நிற ஒயரும், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலுக்கான வெள்ளை ஒயரும் தயாராகக் காத்திருக்கும். விளக்கின் ஒயர்களை அவற்றோடு இணைத்து, குடுவையைத் திருகி மூடினால் வேலை முடிந்தது. நானே செய்திருக்கிறேன், கடினமில்லை. உங்கள் ஃபேனிலும் அடியில் அப்படி ஒரு மூடி இருக்கும், கழற்றிப் பாருங்கள்.

ஒயர்க்காரர் தஞ்சை:

டெக்சஸ் தம்பி சொல்வது அவர் ஊர் ஃபேனுக்குச் சரி. அதை நம்பி நம் ஊரில் யாரும் ஸ்டூல் போட்டு ஏற வேண்டாம். அங்கிருந்து ஆசையாகக் கொண்டுவரும் ஃபேனும் இங்கே ஆகாது. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது.

நம் ஊர்ச் சாதாரண ஃபேனில் நடுத்தண்டு நிற்கும், அதைச் சுற்றி மோட்டாரின் வெளிக்கூடு சுழலும். இறக்கைகளை அந்தக் கூட்டில்தான் முடுக்கியிருக்கிறோம். அடியில் அழகுக்கு இருக்கும் மூடியும் அதே கூட்டோடு சேர்ந்தே சுழலும். காயிலுக்குப் போகும் ஒயர்கள் மேல்பக்கமாக நுழைந்து மோட்டாரிலேயே முடிந்துவிடும். தண்டின் கீழ்முனை பெரும்பாலும் துளையில்லாத இரும்பு, அடி பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டி ஒரு ஒயர்கூட வெளியே வர வழி கிடையாது. அங்கே விளக்கை மாட்டினால் விளக்கும் சுற்றும், ஒயரும் முறுக்கும். விளக்கு வைக்கும் ஃபேன் என்றால் தண்டு மேலிருந்து கீழ்வரை குழாயாக இருக்க வேண்டும். விளக்கின் ஒயர் அந்தக் குழாய்க்குள் இறங்கும், விளக்கு அந்த நிற்கும் தண்டிலேயே தொங்கும். "எல்லா ஃபேனுக்கும் பொருந்தும்" என்று போட்டவர் நம் ஊர் ஃபேனைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்.

எதையும் கழற்றாமலே சோதிக்கலாம் அம்மா. மெயினை நிறுத்துங்கள். ஃபேன் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்து வைத்திருப்பார்கள், நிறுத்திய பிறகும் மேலே மின்சாரம் இருக்கும். அடிமூடியின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, இறக்கையைக் கையால் தள்ளுங்கள். பொட்டு சுற்றினால் அந்தக் கிட்டை மறந்துவிடுங்கள். பொட்டு அசையாமல் நின்றால் மேற்கொண்டு பேசலாம்.

அடுத்து ஒயர். ஃபேன் பாயிண்டுக்கு வருவது ரெகுலேட்டர் வழியாக ஒரு பேஸ் (மின்சாரம் வரும் ஒயர்), ஒரு நியூட்ரல், யோகமிருந்தால் பச்சை எர்த். விளக்கை அந்தப் பேஸிலேயே சேர்த்தால் ரெகுலேட்டரைக் குறைக்கும்போது எல்.இ.டி. அழகாக மங்காது, துடிக்கும்; அதற்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவரும் சீக்கிரம் போய்விடும். சுவிட்சுப் பெட்டியிலிருந்து விளக்குக்குத் தனியாக ஒரு பேஸ் இழுக்க வேண்டும். நியூட்ரல் இரண்டுக்கும் பொது. சுவருக்குள் இருக்கும் ஒயர்க் குழாயில் இடமிருந்து, ஒயரை இழுக்கும் ஸ்பிரிங் உள்ளே போனால் சிறிய வேலைதான். வளைவில் சிக்கிக்கொண்டால் சுவரை உடைக்கச் சொல்வார்கள், உங்கள் வீட்டுக்காரர் உங்களை உடைப்பார்.

கடைசியாக ஒன்று. உங்களுக்கு விளக்கு ஃபேனுக்கு அடியில் வேண்டுமா, மாமனார் படிக்கும் பக்கத்தின்மேல் வேண்டுமா? அவர் சுவரில் சாய்ந்து, தாளை முகத்துக்கு நேரே விரித்துப் படிப்பவர் என்றால் அறை நடுவிலிருந்து வரும் வெளிச்சம் தாளின் முதுகில்தான் விழும். அப்படியானால் கட்டில் தலைமாட்டில் கவ்வி நிற்கும் கிளிப் விளக்கு ஒன்று, தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி. பிளக்கில் சொருகினால் ஆயிற்று, துளையும் வேண்டாம், உத்தரவும் வேண்டாம்.

தில்லைநகர் மருமகள்:

அண்ணா, பொட்டு சுற்றியது. மாமனார் கீழே உட்கார்ந்து, "ஃபேனுக்கு நிச்சயதார்த்தமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிட் யோசனையைக் கைவிட்டோம்.

கட்டிலின் நடுப்பகுதி ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிறது. அவர் தாளை விரிப்பதில்லை, நான்காக மடித்து மடியில் வைத்துக் குனிந்து படிப்பார். தலைக்கு நேர் மேலே வெளிச்சம் வந்தால் மறுபடியும் அவர் தலை மறைக்காதா என்பதுதான் என் சந்தேகம்.

கிளிப் விளக்கு யோசனையை அவரிடம் சொன்னேன். படிப்பதற்கு ஒப்புக்கொண்டார். ஆனால் வேறொரு பிரச்சினையும் வெளியே வந்தது. டியூப்லைட் சுவிட்ச் கதவருகே இருக்கிறது. இரவில் கழிப்பறைக்குப் போக, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு கதவுவரை நடக்கிறாராம். எங்களை எழுப்பக் கூடாது என்று இதுவரை சொல்லவே இல்லை. ரிமோட் உள்ள விளக்கு ஃபேன் என்றால் படுத்தபடியே எரியவைக்கலாமே என்று இப்போது என் கணவரும் யோசிக்கிறார். சுவரில் புது ஒயர் இழுக்காமல் அது முடியுமா? தளம் ஒன்பதரை அடி உயரம்.

லேத் பட்டறை:

தண்டைக் கழற்றி லேத்தில் கொடுத்தால் நடுவில் துளை போட்டுத் தருவார்களே? புது ஃபேன் எதற்கு? எங்கள் பட்டறையில் இதைவிடக் கடினமான வேலைகள் செய்கிறோம்.

ஒயர்க்காரர் தஞ்சை:

பட்டறைக்காரரே, துளை போட உங்களால் முடியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஃபேனின் மொத்த எடையும் அந்தத் தண்டில்தான் தொங்குகிறது. அதன் கீழே ஒரு பெரியவர் படுத்திருக்கிறார். துளை போட்ட தண்டுக்கு யார் பொறுப்பு? வேண்டாம்.

அம்மா, இரவு விஷயம் முதலிலேயே தெரிந்திருந்தால் நான் இவ்வளவு சுற்றி வளைத்திருக்க மாட்டேன். அதற்கு விளக்கோடு வரும் பி.எல்.டி.சி. ஃபேன்தான் சரி; மின்னணுச் சுற்று வைத்து, குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை அது. காரணம், அதற்கு இரண்டு ஒயரே போதும். ரிமோட்டுக்கான ரிசீவர் ஃபேனிலேயே இருக்கிறது. வந்த மின்சாரத்தை மோட்டாருக்கும் விளக்குக்கும் அதுவே பிரித்துக் கொடுக்கும். விளக்குக்கென்று தனிப் பேஸ் இழுக்க வேண்டியதில்லை, சுவரும் பிழைத்தது. சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு இழுக்கும். இது 30 வாட்டை ஒட்டி நிற்கும், விளக்கு தனி. ஃபேன் பாயிண்ட் இன்வெர்ட்டரில் இருந்தால் மின்தடையின்போதும் விளக்கு எரியும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ரெகுலேட்டர். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு ரெகுலேட்டர் வழியாக மின்சாரம் போகவே கூடாது. முழுவதும் திருகி வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, அதன் இரண்டு ஒயரையும் நேராக இணைத்து, அந்த இடத்தில் வெற்று மூடி போடச் சொல்லுங்கள். கழற்றிய ரெகுலேட்டரையும் பழைய ஃபேனையும் பத்திரமாக வையுங்கள். வீடு மாறும்போது ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டால் வீட்டுக்காரருக்குப் பேச்சில்லை. பழைய ஃபேன் உங்களுடையது, இன்னொரு அறைக்கு ஆகும்.

மாட்ட வருபவர் கொக்கியை ஆட்டிப் பார்க்கட்டும். விளக்கோடு சேர்ந்தால் எடை கூடும். கொக்கியில் மாட்டும் மேல் ஷேக்கிளில் போல்ட்டும், அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போட விடாதீர்கள். உலோக விளக்கு என்றால் எர்த் கட்டாயம். ஒன்பதரை அடித் தளத்துக்கு ஓரடி ராடு போட்டாலும் இறக்கை எட்டடிக்குமேல் நிற்கும், விளக்கு அதற்குக் கீழே அரையடி இறங்கும். இறக்கை தரையிலிருந்து ஏழரை அடிக்குமேல் இருக்க வேண்டும் என்பது கணக்கு, அதனால் பயமில்லை. பரணில் பாத்திரம் எடுக்க ஸ்டூலில் ஏறுபவர் மட்டும் ஃபேனை நிறுத்திவிட்டு ஏறட்டும்.

தலை நிழல் பற்றிக் கேட்டீர்கள். நேர் மேலே இருந்தால், குனிந்து படிப்பவருக்கு ஓரளவு மறைக்கும்தான். தலையணையை ஓரடி பின்னுக்குத் தள்ளி அவர் உட்கார்ந்தால் விளக்கு சற்று முன்னால் வந்துவிடும், மடியில் இருக்கும் தாளில் நேராக விழும். அப்போதும் போதவில்லை என்றால் கிளிப் விளக்கு இருக்கவே இருக்கிறது. ஆனால் அவர் மல்லாந்து படுத்தால் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். அதனால் எல்.இ.டி. புள்ளிகள் வெளியே தெரியாத, பால்வெள்ளை மூடி போட்டதாகவும் வெளிச்சத்தைக் குறைத்துவைக்கும் வசதி உள்ளதாகவும் வாங்குங்கள். இரவுக்குக் குறைந்த மஞ்சள், படிக்க வெள்ளை.

இன்னொருவர் வந்து "ஃபேனுக்குப் பக்கத்திலேயே தளத்தில் ஒரு பேனல் லைட் போட்டால் மலிவு" என்று சொல்வார். விளக்கு இறக்கைக்கு மேலே இருந்தால், ஒவ்வொரு இறக்கையும் வெளிச்சத்தை வெட்டிக்கொண்டே போகும். படிக்கும் பக்கம் முழுக்க நிழல் படபடக்கும். விளக்கு இறக்கைக்குக் கீழே இருப்பதில் கிடைக்கும் பெரிய லாபமே இந்தத் தொல்லை இல்லாததுதான்.

கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். மின்சாரம் போய் வந்தால் விளக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்புமா, அல்லது நள்ளிரவில் தானாக எரிந்து எழுப்பிவிடுமா? ரிமோட் தொலைந்தால் சுவர் சுவிட்சைப் போட்டு நிறுத்தி விளக்கை இயக்க வழி உண்டா? இரண்டுக்கும் கடைக்காரர் வாயால் சொல்வது போதாது, கடையிலேயே ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்காரன்:

இரண்டாவது கேள்விக்கு அனுபவத்தில் ஒரு வார்த்தை: ரிமோட்டைக் கட்டில் காலில் நூல் போட்டுக் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் பேரன் அதைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்திருந்தான்.

தில்லைநகர் மருமகள்:

நூல் தயார். அண்ணா, ஞாயிறன்று கடைக்குப் போகிறோம். மாமனாரும் வருகிறார், அந்த இரண்டு கேள்விகளையும் அவரே கேட்பாராம். எந்த மாதிரி வாங்கினோம், விளக்கின் ஒளி எப்படி இருக்கிறது என்று மாட்டிய பிறகு இங்கேயே எழுதுகிறேன்.