டிப்ஸ் யார் கைக்குப் போகிறது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

சாளரம்:
சென்ற வாரம் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போயிருந்தோம். எங்களுக்குப் பரிமாறியவர் வயதில் பெரியவர். நாற்காலி உயரம் போதாமல் என் மகள் தடுமாறுவதைப் பார்த்து, நாங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு மெத்தையைக் கொண்டுவந்து போட்டார். பில் வந்தபோது அதில் சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தது. "இது உங்களுக்கு வந்து சேருமா?" என்று மெதுவாகக் கேட்டேன். "இல்லை சார், அது எங்கள் கணக்கில் வராது" என்றார். அவர் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல் கல்லாவுக்குப் போய், அந்தக் கட்டணத்தை எடுத்துவிடச் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு எடுத்தார்கள். அந்தப் பணத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்றிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. டிப்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று நாம் யோசிக்கிறோம். கொடுத்த பணம் யாரிடம் போகிறது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் கொடுக்க மறுத்தவர்களும் எழுதுங்கள்.

நெடுவழி:
நல்ல காரியம் செய்தீர்கள். நுகர்வோர் குறைகளில் ஓரளவு பழக்கம் உண்டு என்பதால் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. உணவகமோ ஓட்டலோ சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்பது அதன் சாரம். உணவகச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. பிரிட்டனில் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். அங்கே 2024 அக்டோபர் 1 முதல், வாடிக்கையாளர் விட்டுச்செல்லும் டிப்ஸை முதலாளி பிடித்தம் செய்யாமல் ஊழியர்களுக்கே நியாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று வாடிக்கையாளரைக் காக்கிறது, மற்றது ஊழியரைக் காக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.

கடலோடி:
நான் வாங்கிய பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் படித்த காலத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் பலர் உணவகங்களில் வேலை பார்த்தார்கள். பிறகு சட்டப்படி அனுமதி கிடைத்ததும் நானும் ஓர் உணவகத்தில் சர்வராக இருந்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அங்கே சம்பளம் எப்படி நடக்கிறது என்பது தெரியாது.

டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991இலிருந்து அந்த எண் நகரவில்லை. மீதியை வாடிக்கையாளர் நிரப்புவார் என்று சட்டமே கணக்குப் போட்டுவைத்திருக்கிறது. டிப்ஸையும் சேர்த்து மணிக்கு 7.25 டாலர் தேறாவிட்டால் குறைவதை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்கும் துணிவு புதிதாகச் சேர்ந்தவருக்கு எங்கிருந்து வரும்? கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில், டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் இந்த ஏற்பாடு கிடையாது, முழுக் கூலியையும் முதலாளியே தர வேண்டும். நான் இருந்த மாநிலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இதன் விளைவைப் பணத்தில் மட்டும் அளக்காதீர்கள். என்னோடு வேலை பார்த்த பெண்களிடம் சில வாடிக்கையாளர்கள் பேசிய பேச்சு இன்றும் காதில் இருக்கிறது. அவர்கள் சிரித்துக்கொண்டே தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த மேசையைப் பகைத்துக்கொண்டால் அன்றைய கூலி போய்விடும். ஒருவருடைய கூலியை இன்னொருவரின் மனநிலையிடம் ஒப்படைத்தால் இதுதான் நடக்கும். சமையலறையில் அடுப்புக்கு எதிரே நிற்பவருக்கோ, அந்தக் காசு பெரும்பாலும் எட்டவே எட்டாது. மேசை துடைக்கும் பையனுக்கு நாங்கள் எங்கள் பங்கிலிருந்து கொடுத்தோம்.

ஆகவே அங்கே போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: உட்கார்ந்து சாப்பிட்டால் 15 முதல் 20 சதவீதத்தைச் சாப்பாட்டு விலையின் ஒரு பகுதியாகவே நினைத்துக்கொண்டு உள்ளே போங்கள். அந்த ஏற்பாடு அநியாயம்தான். அந்தக் கோபத்தைச் சர்வரின் கூலியில் காட்டாதீர்கள்.

கருங்கல்:
நான் எங்கேயும் டிப்ஸ் கொடுப்பதில்லை. கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கடலோடி எழுதியதே எனக்குச் சான்று. நாம் கொடுக்கக் கொடுக்க முதலாளிக்குச் சம்பளம் உயர்த்த வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. அமெரிக்க ரயில்களில் புல்மேன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினப் போர்ட்டர்களின் கதை இதுதான். சொற்பச் சம்பளம், மீதிக்குப் பயணிகளின் சில்லறை. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள், 1937இல் கம்பெனியை ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் போராடியது கூடுதல் சில்லறைக்காக இல்லை. கௌரவமான சம்பளத்துக்கும் குறைந்த வேலை நேரத்துக்கும்தான்.

கடலோடி:
கருங்கல், நீங்கள் சொல்லும் வரலாறு சரி. ஆனால் அந்தப் போர்ட்டர்கள் சங்கம் கட்டிய 12 வருடங்களும் சாப்பிட வேண்டியிருந்தது. சட்டம் மாறும்வரை நீங்கள் கொடுக்காமல் எழுந்துபோனால் முதலாளிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உங்களிடமிருந்து முழு விலையும் அவருக்கு வந்துவிட்டது. இழந்தவர் உங்களுக்குத் தண்ணீர் ஊற்றியவர் மட்டும்தான். டிப்ஸை நம்பிக் கூலி வைத்த ஊரில் இருக்கும்போது கொடுங்கள். சட்டம் மாற வேண்டும் என்று குரலும் கொடுங்கள்.

கருங்கல்:
அப்படிப்பட்ட ஊருக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முழுச் சம்பளம் தருகிற இடங்களில் என் நிலை மாறாது.

வெண்மேகம்:
மருத்துவமனையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு மாற்ற வேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவர் அதன் கைப்பிடியில் கை வைக்காமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி, "ஏதாவது கொடுங்கள் அம்மா, இல்லாவிட்டால் நகராது" என்றார். வலியில் அப்பா முனகிக்கொண்டிருந்தார். கொடுத்தேன். அதை டிப்ஸ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையைச் செய்வதற்கு முன், செய்யாமல் நிறுத்திவைத்துக் கேட்பது பறிப்புதான்.

அதே வார்டில் இரவுப் பணியில் ஒரு அக்கா இருந்தார். அப்பா வாந்தி எடுத்தபோதெல்லாம் முகம் சுளிக்காமல் விரிப்பை மாற்றினார், "கூச்சப்படாதீர்கள் ஐயா" என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அவர் கையில் பணத்தை வைத்தேன். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதை வாங்கினால் அடுத்த கட்டிலில் இருப்பவர் தானும் கொடுக்க வேண்டுமோ என்று பயப்படுவார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். நோயாளி நம்மைச் சார்ந்து படுத்திருக்கும் இடத்தில் பணம் நுழைந்தால், பணம் இல்லாதவரின் கட்டிலுக்கு யார் போவார்கள்?

அவருடைய பெயரையும் பணி நேரத்தையும் குறிப்பிட்டு, அவர் செய்ததை எல்லாம் விவரமாக எழுதி, நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்தோம். அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். அதை மடித்துப் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டார். அரசு அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் நன்றி சொல்ல இந்த வழிதான் சரி என்று நினைக்கிறேன்.

சிறகு:
வெண்மேகம் எழுதியதைப் படித்து நெஞ்சு கனத்துவிட்டது.

நான் உணவு டெலிவரி செய்கிறேன், அதனால் ஒரு சின்ன விஷயம். செயலியில் டிப்ஸ் கொடுத்தால் வந்து சேருமா என்று பலர் வாசலில் கேட்கிறார்கள். நான் வேலை செய்யும் செயலியில் வருகிறது, ஆனால் வாரக் கணக்கோடு சேர்ந்துதான் வருகிறது. பெட்ரோல் இன்றைக்கே போட வேண்டும். கையில் கொடுத்தால் பேருதவி. கொடுக்க முடியாவிட்டால் வருத்தமே இல்லை. மாடி ஏறி வரச் சொல்லாமல் கீழே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், மழையில் தாமதமானால் குறைந்த மதிப்பெண் போடாதீர்கள். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் அடுத்த ஆர்டர்கள் வருகின்றன.

சாளரம்:
சிறகு, எழுதியதற்கு நன்றி. மதிப்பெண்ணின் பாதிப்பு இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்னொரு சந்தேகம்: ஓட்டல் அறையைச் சுத்தம் செய்பவர்களை நாம் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? கிளம்பும்போது வரவேற்பில் கொடுத்துவிட்டால் சேருமா?

தாழ்வாரம்:
வரவேற்பில் கொடுக்காதீர்கள். நான் ஓட்டல்களில் அறைப் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்தேன். இரண்டு விஷயங்கள். முதலாவது, இன்று உங்கள் அறையைச் சுத்தம் செய்தவருக்கே நாளையும் அந்தத் தளம் ஒதுக்கப்படும் என்று சொல்ல முடியாது. நான்கு நாள் தங்கிவிட்டுக் கடைசி நாளில் மொத்தமாக வைத்தால், முதல் மூன்று நாள் உங்கள் குளியலறையைத் தேய்த்தவருக்கு ஒன்றும் போகாது. தினமும் காலையில் வெளியே போகும்போது கொஞ்சமாக வையுங்கள்.

இரண்டாவது, பணத்தை மேசையில் வெறுமனே வைக்காதீர்கள். விருந்தினர் மறந்துவைத்த பணமா, கொடுத்த பணமா என்று தெரியாததால் நேர்மையான ஊழியர் அதைத் தொடவே மாட்டார். தொட்டால் திருட்டுப் பட்டம் வரும் என்ற பயம். நான் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு சந்தேகத்தில் ஒரு பெண் வேலையை இழக்கப் பார்த்தாள். விருந்தினரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்ட பிறகுதான் தப்பித்தாள். ஒரு துண்டுத் தாளில் "அறையைச் சுத்தம் செய்பவருக்கு, நன்றி" என்று எழுதித் தேதியும் போட்டுத் தலையணையின் மேல் வையுங்கள். தேதி இருந்தால் யாருடைய முறை என்று எங்களால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியும்.