மறு: ‘மாடிஃபைட் டியூட்டி’ - தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். கலிஃபோர்னியாவில் ஒரு நகர நிர்வாகத்தில், வேலையில் அடிபட்ட ஊழியர்களின் கோரிக்கைகளைக் கவனிக்கும் பிரிவில்தான் எனக்கு வேலை. ‘மாடிஃபைட் டியூட்டி’ என்பது அடிபட்டவர் குணமாகிவரும் காலத்தில், மருத்துவர் விதித்த வரம்புக்குள் செய்யும் தற்காலிக வேலை. அதனால் சொல்லுக்குப் போவதற்கு முன், அந்தச் சொல் புழங்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மடல் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தூய்மைப் பணியாளர் சங்க இதழ் ஒன்றுக்காக, அமெரிக்க நகரங்கள் பணியிடக் காயங்களை எப்படிக் கையாள்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். ‘ஒர்க்கர்ஸ் காம்பன்சேஷன்’ என்பதற்குப் பணியாளர் இழப்பீடு என்று போட்டுவிட்டேன். ‘மாடிஃபைட் டியூட்டி’ வந்ததும் நின்றுவிட்டேன். ‘இலகு பணி’ சரியாக இருக்குமா?

பணியாளர் இழப்பீடு இருக்கட்டும். நம் ஊரில் 1923 சட்டத்தை அப்படித்தான் சொல்கிறோம், இலங்கையில் நட்டஈடு என்பார்கள், இரண்டும் மக்களுக்குப் பழகியவை. ஒன்றை மட்டும் கட்டுரையில் தெளிவாக எழுதிவிடுங்கள்: இது நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வாங்கும் இழப்பீடு அல்ல. யார் தவறு என்ற கேள்வியே இங்கே கிடையாது. தொழிலாளி தன் கவனக்குறைவால் விழுந்திருந்தாலும் சிகிச்சையும் பணமும் உண்டு. அதற்கு ஈடாக முதலாளிமேல் வழக்குப் போடும் உரிமையை, சில விதிவிலக்குகள் தவிர, அவர் விட்டுக்கொடுக்கிறார். கலிஃபோர்னியாவில் 1913-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து முதலாளிகளுக்கு இது கட்டாயம்.

‘இலகு பணி’ வேண்டாம். சொல் தவறு என்பதால் அல்ல, அது ஆளைக் காயப்படுத்தும் என்பதால். இங்கேயும் பேச்சு வழக்கில் ‘லைட் டியூட்டி’ என்கிறார்கள். குப்பை வண்டிகள் நிற்கும் பணிமனையில் அந்தப் பேர் வாங்கியவர் படும் பாடு எனக்குத் தெரியும். “உனக்கென்ன, உட்கார்ந்த இடத்தில் சம்பளம்” என்று கூட வேலை செய்கிறவர்களே சொல்வார்கள். அவர் முதுகுத் தண்டில் என்ன வலி இருக்கிறது என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. இந்தப் பேச்சைக் கேட்க முடியாமல், மருத்துவர் விதித்த வரம்பை மீறித் தொட்டியைத் தூக்கி மறுபடியும் அடிபட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பெயரைத் தமிழிலும் நாமே உண்டாக்க வேண்டாம். தவிர, கொடுக்கப்படும் வேலை இலகுவானதாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மருத்துவர் சொன்ன வரம்புக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான்.

நடைமுறை என்னவென்று சொல்கிறேன். காயம் பற்றி நகர நிர்வாகத்துக்குத் தெரிந்த ஒரு வேலை நாளுக்குள் ஊழியர் கையில் கோரிக்கைப் படிவம் கொடுத்தாக வேண்டும். அவர் அதை நிரப்பிக் கொடுத்தால், ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க 90 நாள். அதற்குள் மறுக்காவிட்டால் வேலையால் வந்த காயம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். முடிவு தெரியும் வரை 10,000 டாலர் வரைக்கும் சிகிச்சைச் செலவை நகரம் ஏற்க வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்கள் இதற்காக வெளியில் காப்பீடு வாங்குவதில்லை. பொறுப்பு முழுவதும் நகரத்துடையது, பணம் மக்கள் வரிப்பணம்.

ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மருத்துவர் ஒரு அறிக்கை அனுப்புவார். அதில் மூன்றில் ஒன்றைக் குறிப்பார்: வழக்கமான வேலைக்குப் போகலாம், வேலைக்கே போகக் கூடாது, இன்னின்ன வரம்புகளோடு போகலாம். மூன்றாவதைக் குறித்தால் கீழே விவரம் இருக்கும்: 20 பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது, தோளுக்கு மேல் கையை உயர்த்தக் கூடாது, ஏணி ஏறக் கூடாது. இந்த மூன்றாவது குறிதான் உங்கள் ‘மாடிஃபைட் டியூட்டி’ பிறக்கும் இடம். அந்த வரம்புக்குள் வேலை இருக்கிறதா என்று துறையைக் கேட்போம். இருந்தால் ஊழியர் வேலைக்கு வருவார். இல்லையென்றால் வீட்டில் இருப்பார், சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். அதற்கும் ஒரு மேல்வரம்பு உண்டு. பெரும்பாலான காயங்களுக்கு, காயம்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் மொத்தம் 104 வாரம்தான்.

காவல்துறையினர், தீயணைப்பு வீரர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு ஓராண்டு வரை முழுச் சம்பளமும் உண்டு. ஒரு தீயணைப்பு வீரர் வராவிட்டால் வண்டியில் அவர் இடத்தைக் காலியாக விட முடியாது, இன்னொருவரை மிகைநேர ஊதியத்தில் போட வேண்டும். ஆக அந்த ஓர் இருக்கைக்கு நகரம் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறது.

துறைகள் ஏன் இப்படிப்பட்ட வேலையைத் தேடித் தருவதில்லை என்று கேட்டால், பல இடங்களில் விடை வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கிறது. வீட்டில் இருப்பவருக்கான பணம் நகரத்தின் பொதுக் கணக்கிலிருந்து போகும். மேற்பார்வையாளரின் துறைக் கணக்கில் ஒரு காசு குறையாது. அப்படியிருக்க அவர் ஏன் மெனக்கெட்டு ஒரு வேலையை உருவாக்க வேண்டும்? அந்தச் செலவைத் துறையின் கணக்கிலேயே எழுத ஆரம்பித்தால் நேற்று வரை இல்லாத வேலைகள் திடீரென்று முளைக்கும். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது கொடுங்கள். சங்கத்துக்குப் பேரம் பேச உதவும்.

> உடல் தேறிவரும் காலத்தில் செய்யும் பணி என்பதால் ‘தேறுபணி’ என்று வைக்கலாமே?

இதை முன்வைத்த அம்மாவுக்கு என் மனமார்ந்த நன்றி. இந்த வேலையின் நோக்கத்தையே இந்தச் சொல் பிடித்துவிட்டது. நீண்ட நாள் வேலையை விட்டு விலகி வீட்டில் இருப்பவருக்குத் திரும்பி வருவது நாளாக ஆகக் கடினமாகிறது. உடம்பும் தளரும், மனமும் தளரும், நமக்கு இனி அங்கே இடமில்லை என்ற எண்ணம் வந்துவிடும். வரம்புக்குள் ஒரு வேலையைக் கொடுத்து வரவழைப்பது அதைத் தடுக்கத்தான். ஆனால் அது உண்மையான வேலையாக இருக்க வேண்டும். மரம் வெட்டும் பிரிவில் தோள்பட்டை கிழிந்தவரைத் தெருத் தெருவாக அனுப்பி மரங்களின் நிலையைப் பதிவுசெய்யச் சொல்லலாம். மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கிளை விழும் என்று சொல்லத் தெரிந்தவர் அவர். அதை விட்டுவிட்டு, மூலையில் ஒரு நாற்காலியில் நாள் முழுக்கச் சும்மா உட்கார வைத்தால் அது தேறுபணி அல்ல, தண்டனை.

> ‘தேறு’ என்றால் தேர்வில் தேறுவது நினைவுக்கு வரும். தகுதிகாண் பருவம் என்று குழம்பிவிட மாட்டார்களா? தவிர, தேறுவது ஆள்தானே, பணி எப்படித் தேறும்?

முதல் ஐயம் நியாயமானது. ஆனாலும் “உடம்பு தேறிடுச்சா?” என்பது காய்ச்சல் வந்த எந்த வீட்டிலும் கேட்கும் கேள்வி. அடிபட்டவரின் கடிதத்தில் இந்தச் சொல்லைப் பார்க்கிறவருக்குத் தேர்வு நினைவு வராது என்றே நம்புகிறேன். இரண்டாவது ஐயத்துக்கு, ‘குடிநீர்’ ஒன்றே போதும். நீர் குடிப்பதில்லை, நாம்தான் குடிக்கிறோம். வினைத்தொகையில் முன்னால் இருக்கும் வினைக்குப் பின்னால் வரும் பெயர்தான் எழுவாயாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்புறம், எழுதும்போது நடுவில் ‘ப்’ போட்டுவிடாதீர்கள். வினைத்தொகையில் ஒற்று மிகாது. தேறுபணி, அவ்வளவே.

ஆனால் இந்தச் சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாது. கலிஃபோர்னியாச் சட்டத்தில் வழக்கமான பணி, ‘மாடிஃபைட் ஒர்க்’, ‘ஆல்டர்னேட்டிவ் ஒர்க்’ என்று மூன்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. மூன்றுமே குணமாகும் காலத்துக்கு அப்புறம் வருபவை. இனிமேல் பெரிய மாற்றம் இருக்காது என்று மருத்துவர் சொன்ன பிறகு, நிரந்தரக் குறைபாடு உள்ளவருக்கு நகரம் என்ன வேலை கொடுக்கிறது என்பதே அங்கே கேள்வி. பழைய வேலையையே அவர் செய்யக்கூடிய விதத்தில் மாற்றிக் கொடுத்தால் அது இரண்டாவது வகை. வேறொரு வேலையைக் கொடுத்தால் மூன்றாவது. இந்த இரண்டிலும் சம்பளம் காயம்பட்ட காலத்துச் சம்பளத்தில் 85 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, வேலை 12 மாதமாவது நீடிக்க வேண்டும். 2013 முதல் ஏற்பட்ட காயங்களுக்கு, இந்த மூன்றில் எதையும் உரிய காலத்தில் தராவிட்டால், புதுத் தொழில் கற்க 6,000 டாலர் மதிப்புள்ள பற்றுச்சீட்டு தர வேண்டும்.

ஆக ‘மாடிஃபைட்’ என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் சொல்கிறார்கள். தமிழில் நாம் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் கட்டுரை படிக்கிறவர் தப்பித்தார். தற்காலிகமானது தேறுபணி. நிரந்தரமானதற்குத் ‘தகவமைத்த பணி’ என்பது என் பரிந்துரை. தகவமைப்பு எல்லாரும் பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த சொல், புதிதாக விளக்கம் வேண்டாம். வேலையை ஆளுக்கு ஏற்ப அமைப்பது என்ற பொருளும் நேராக வருகிறது.

> மூன்றாவதற்கு ‘மாற்றுப்பணி’ என்று சொல்லலாமா? நம் அரசு அலுவலகங்களில் ஓர் ஆசிரியரைத் தற்காலிகமாக வேறு பள்ளிக்கு அனுப்புவதையும் மாற்றுப்பணி என்கிறோமே.

சொல்லலாம் என்பதுதான் என் எண்ணம். அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் கண்பார்வை குறைந்து வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று சொல்லப்பட்ட ஓட்டுநர்கள் மாற்றுப்பணி கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் உண்டு. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணியிடம் தர வேண்டும், அப்படி இடம் இல்லையென்றால் கிடைக்கும் வரை உபரிப் பணியிடம் உண்டாக்கித் தர வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவிலும் இது இருக்கிறது. 85 விழுக்காடு என்று சொல்லும் கலிஃபோர்னியாவைவிட இந்த இடத்தில் நம் சட்டம் தாராளமானது. ஓட்டுநர்கள் போராடிப் பெற்ற பொருள் அந்தச் சொல்லில் இருக்கிறது, அதைக் கைவிடக் கூடாது.

இன்னொன்றையும் சங்க இதழ் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் பாதுகாப்பு நிரந்தர ஊழியருக்குப் பயன்படும் அளவுக்கு ஒப்பந்தப் பணியாளருக்கு எட்டுவதில்லை. ஆனால் இழப்பீட்டில் அவர்களுக்கு வழி உண்டு. 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவருக்கும் முதன்மை முதலாளி (வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவர்) இழப்பீடு தர வேண்டும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். மாநகராட்சி என்ன தொழிலா நடத்துகிறது என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. உள்ளாட்சி அமைப்பின் கடமைகளை அதன் தொழிலாகவே கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவே சொன்னது. இந்தச் சட்டம் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டு, அந்தத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அச்சுக்குப் போகுமுன் புதிய பிரிவு எண்களை ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சொற்கள் கடிதத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க, நாங்கள் அனுப்பும் கடிதம் ஒன்றைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்:

“உங்கள் மருத்துவர் விதித்துள்ள வரம்புகளுக்கு உட்பட்டு, வரும் திங்கட்கிழமை முதல் உங்களுக்குத் தேறுபணி வழங்க முன்வருகிறோம். பணி: குப்பை சேகரிப்பு வழித்தடங்களைப் பார்வையிட்டு, சேதமடைந்த தொட்டிகளைப் பதிவுசெய்தல். 20 பவுண்டுக்கு மேல் எதையும் தூக்க வேண்டியதில்லை. யார் சொன்னாலும் வரம்பை மீறி வேலை செய்யாதீர்கள். யாராவது அப்படிச் சொன்னால் உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள். உங்கள் வழக்கமான ஊதியம் தொடரும்.”

வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. ‘இலகு பணி’ என்று போட்டுப் படித்தால் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு முன்பே படிப்பவர் முகம் சுருங்கிவிடும்.

மலேசிய அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சொக்சோவில் (மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) வேலைக்குத் திரும்பும் திட்டம் 2007 முதல் நடக்கிறது. அங்கே தமிழ்த் தொழிலாளர்கள் இந்தத் தற்காலிகப் பணியைத் தங்களுக்குள் எப்படிச் சொல்கிறார்கள்? புழக்கத்தில் நல்ல சொல் ஏற்கனவே இருந்தால் தேறுபணியை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, இனி இதற்கு மேல் பெரிதாக மாற்றம் இராது என்று மருத்துவர் எழுதித் தரும் அந்தக் கட்டத்துக்கு இன்னும் ஒரு சொல் வேண்டும். தேறுபணி அன்றோடு முடிந்து தகவமைத்த பணி அன்றுதான் தொடங்குகிறது, நிரந்தரக் குறைபாட்டுக்கான தொகையும் அதை வைத்தே கணக்கிடப்படுகிறது. ‘உச்சத் தேறுநிலை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உச்சம் என்றதும் முழுவதும் குணமாகிவிட்டது போலத் தோன்றுகிறது. முழங்கால் மடக்க முடியாமல் நிற்கும் ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘நிலைப்பட்ட உடல்நிலை’ பரவாயில்லை, ஆனால் நீளம். இரண்டையும்விடப் பொருந்தும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.