பர்ஸ் காலியாகாமல் ஒரு பத்லா

கத்தரிக்கோல்:
கெய்ரோ பெல்லி டான்ஸ் உடைக்கு ‘பத்லா’ என்று பெயர். அரபியில் வெறும் ‘சூட்’ என்றுதான் அர்த்தம். பிரா, இடுப்பு பெல்ட், பாவாடை மூன்றும் சேர்ந்த செட். நடனக் கலைஞர் பதியா மசப்னி 1926இல் கெய்ரோவில் தொடங்கிய கேளிக்கை விடுதி மேடைக்கு இந்த உடையைப் பிரபலமாக்கியதில் பெரிய பங்கு உண்டு.

பாவாடையில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். பிராவின் உள்கட்டு, கொக்கி, நூல் இந்த மூன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மேலே தைத்த பாசிமணி நாலு உதிர்ந்தால் யார் கண்ணிலும் படாது. கொக்கி விட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

பிராவிலிருந்து ஆரம்பியுங்கள். அடியில் கம்பி வைத்த, தையல் இல்லாத, கெட்டி கப் உள்ளதை வாங்குங்கள். நிறமும் லேஸும் எப்படி இருந்தால் என்ன, எல்லாம் துணிக்குள் போய்விடும். உள்ளே லைனிங் வருவதால் கப் அளவு ஒன்று கூடுதலாக எடுங்கள். வாங்கியதும் ஸ்ட்ராப்பையும் பின்பட்டையையும் வெட்டிவிடுங்கள். இரண்டுமே எலாஸ்டிக். மணியின் எடையில் அது இழுபட்டு, தோளைக் குலுக்கும்போது கப் தனியாக ஒரு தாளம் போடும். அதற்குப் பதிலாக இழுபடாத கெட்டி நாடாவை இரண்டு மடிப்பாக வைத்து, மேலே துணி சுற்றித் தையுங்கள். பின்னால் பேன்ட் ஹூக் இரண்டு. பிளவுஸ் கொக்கி இந்த இழுப்புக்கு நேராகிவிடும்.

கப்பின் மேல் போடும் துணியைக் கிராஸாக, அதாவது மூலைவாட்டத்தில் வெட்டினால்தான் வளைவில் படியும். முதலில் மேல் ஓரத்தில் குண்டூசி குத்துங்கள். மிஞ்சுகிற சுருக்கத்தைக் கீழே தள்ளி, அங்கே இரண்டு மூன்று டாட் (கூம்பு மடிப்பு) பிடியுங்கள். மணி வரிசை அதை மறைத்துவிடும். மிஷினைத் தொடாதீர்கள், கைத்தையல்தான்.

பழையபுடவை:
பாவாடைக்குத் துணிக்கடைக்கே போக வேண்டாம். பீரோவுல கிடக்குற ஜார்ஜெட் இல்லன்னா ஷிஃபான் புடவை ஒண்ணு போதும். ரெண்டு அரைவட்டம் சேர்த்த முழு வட்டப் பாவாடைக்குக் கணக்கு சொல்றேன்.

பாவாடை இடுப்பெலும்புல உட்காரணும், அதனால தொப்புள்கிட்ட அளக்காதீங்க. பாவாடை நிக்கிற இடத்துச் சுற்றளவு 96 செ.மீ.ன்னு வைங்க. அதை 6.28ஆல வகுத்தா 15.3. அதுதான் உள்வட்டத்தோட ஆரம். உயரம் 95 கூட்டினா 110.3, ஓரத்துக்கு 1 செ.மீ. சேர்த்தா 111.3. புடவை அகலம் பெரும்பாலும் 112 பக்கம் இருக்கும், அதுக்குள்ள அடங்கிடும். அரைவட்டம் ஒண்ணுக்குத் தையல் விளிம்போட 2.25 மீட்டர், ரெண்டுக்கு 4.5 மீட்டர். அஞ்சரை மீட்டர் புடவையில ஒரு மீட்டர் மிச்சம். அதுல பெல்ட்டையும் பிராவையும் மூடிடலாம், நிறமும் அச்சா ஒத்துப்போகும். வெட்டுறதுக்கு முன்னாடி அகலத்தை ஒருதரம் அளந்துடுங்க, 108தான் இருக்குன்னா உயரத்துல கை வைக்கணும்.

எல்லாரும் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. வெட்டின அன்னைக்கே ஓரம் அடிச்சிடுவாங்க. வட்டத்துல துணி கிராஸா விழுற இடமெல்லாம் மெதுவா கீழ இறங்கும். ரெண்டு நாள் தொங்கவிட்டு, பெல்ட்டோட போட்டுப் பார்த்து, தரையிலிருந்து ஸ்கேல் வச்சு சமமா வெட்டுங்க. அப்புறம் பீக்கோ அடிக்கக் கொடுங்க. தொங்கவிடாம அடிச்சா பத்தே நாள்ல ஓரம் அலைஅலையா கோணிக்கும்.

கையில பிடிச்சு ஆடுற வெய்ல் வேணும்னா இன்னொரு புடவையை நடுவுல வெட்டுங்க. 2.75 மீட்டர்ல ரெண்டு கிடைக்கும். ஷிஃபான் மெல்லிய பட்டு மாதிரி காத்துல நிக்காது, சட்டுன்னு விழும். பழகறதுக்குப் போதும்.

நாடா:
பெல்ட்டுக்கு நேரான பட்டை வெட்டாதீர்கள். இடுப்பு உருளை இல்லை, கீழே போகப்போக அகலும் கூம்பு. நேர்ப்பட்டையின் மேல் ஓரம் உடம்பில் ஒட்டாமல் வாய் பிளந்து நிற்கும். பழைய லெகிங்ஸ் போட்டுக்கொண்டு, இடுப்பில் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றுங்கள். அதன் மேல் பேப்பர் டேப் ஒட்டி, பெல்ட் வடிவத்தை மார்க்கரில் வரைந்து, வெட்டி எடுங்கள். விரித்தால் வாழைப்பழம் போல வளைந்திருக்கும். அதுதான் சரியான பேட்டர்ன்.

உள்ளே வெறும் பக்ரம் (கஞ்சி போட்ட விறைப்புத் துணி) வைத்தால் வியர்வையில் கஞ்சி போய்த் தொய்ந்துவிடும். இரண்டு அடுக்கு கேன்வாஸுக்கு நடுவில் பக்ரம் வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டுங்கள். திறப்பு பக்கவாட்டில் வரட்டும், ஒன்றன்மேல் ஒன்று 4 செ.மீ. ஏறட்டும். உடம்புச் சூட்டில் கேன்வாஸ் கொஞ்சம் இளகும், அதனால் கொக்கியின் எதிர்ப்பக்கத்தை இரண்டு வரிசையாக வையுங்கள். ஆடும்போது பாவாடை பெல்ட்டைவிட்டு இறங்காமல் இருக்க, உள்பக்கம் நாலு இடத்தில் சேஃப்டி பின்.

மணிச்சரம்:
தொங்கும் சரம்தான் உடையின் உயிர், செலவும் அங்கேதான். 11/0 அளவு கண்ணாடி ஊசிப்பாசி ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 18 பிடிக்கும். 10 செ.மீ. சரத்துக்கு 70 மணி. பெல்ட்டில் 90 செ.மீ. நீளத்துக்கு, அரை செ.மீ.க்கு ஒரு சரம் என்றால் 180 சரம், 12,600 மணி. கிராமுக்குச் சுமார் 110 மணி என்பதால் 115 கிராம் வரும். உடைசலுக்கும் கோணல் மணிக்கும் சேர்த்து 150 கிராமாக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த லாட்டில் நிறம் மாறும். ஒரு சரத்துக்கு 3 நிமிடம் என்றாலும் 9 மணி நேர வேலை, அதையும் கணக்கில் வையுங்கள். சரம் சுற்றிலும் வேண்டும் என்றில்லை. இரண்டு பக்க இடுப்பில் மட்டும் வைத்தாலும் அசைவு நன்றாகத் தெரியும், வாங்கும் மணியும் பாதியாகும்.

பிளாஸ்டிக் மணி மலிவுதான். ஆனால் எடை இல்லாததால் குலுக்கினால் ஆடாது, விறைத்து நிற்கும். கண்ணாடியிலும் சாயம் பூசியது உண்டு. பத்து மணியை நகப்பாலிஷ் ரிமூவரில் ஊறவைத்தால் குட்டு வெளிப்படும். ஆரி சாமான் கடையில் வாங்கினால் ஊசியைக் கையோடு கொண்டுபோய்த் துளையில் விட்டுப் பாருங்கள், நூல் இரண்டு முறை போக வேண்டும்.

மெழுகு தடவிய நைலான் நூலில் கோத்து, கடைசி மணியைச் சுற்றி அதே வழியில் மேலே திரும்புங்கள். சரத்துக்குச் சரம் தனி முடிச்சு. சோம்பல்பட்டு ஒரே நூலில் பத்து சரம் ஓட்டினால், ஒன்று அறுந்ததும் பத்தும் கொட்டும். இறுக்கி இழுத்தால் சரம் குச்சியாகும், ஒரு மணி அளவுக்கு இளக்கம் வேண்டும். குழல் மணியின் விளிம்பு நூலை அறுக்கும், அதனால் அதன் இரு பக்கமும் ஓர் ஊசிப்பாசி. எல்லாவற்றையும் முதலில் நாடாவில் கோத்து, அந்த நாடாவை பெல்ட்டில் தையுங்கள். நாளைக்கு வேறு பெல்ட்டுக்கு மாற்றலாம்.

ஜமிக்கி:
சரத்துக்கு நேரமில்லை, ஜமிக்கி பட்டையைப் பசை போட்டு ஒட்டிவிடலாமா?

மணிச்சரம்:
ஹாட் க்ளூ வேண்டாம். மேடை விளக்குச் சூட்டில் இளகும், ஆறினால் விறைக்கும், துணி மடிகிற இடத்தில் அப்படியே பெயர்ந்து வரும். கையால் தையுங்கள். ரெடிமேட் ஜமிக்கி பட்டை பெரும்பாலும் சங்கிலித் தையல். ஆரியும் அதே இனம்தான், ஒரு முனை அவிழ்ந்தால் சரசரவென்று மொத்தமும் உருவிக்கொண்டு வரும். வெட்டிய முனையில் நிறமில்லாத நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைத்து, காய்ந்த பிறகு தையுங்கள்.

நாடா:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. மணி வைத்த பிராவுக்குக் கழுத்தில் கட்டும் ஸ்ட்ராப் வேண்டாம். முழு எடையும் பிடரியில் இறங்கும். தோள்வழியாக முதுகில் குறுக்கே போகட்டும்.

பழையபுடவை:
இதையெல்லாம் தண்ணியில போட்டுடாதீங்க. உள்பக்கம் பருத்தி லைனிங் கொடுத்து, ஆடி முடிச்சதும் லைனிங் மேல மட்டும் ஸ்பிரிட்டும் தண்ணியும் சரிபாதி கலந்து தெளிச்சு ஃபேன்ல காயவைங்க. சாயம் போகுதான்னு ஓரத்துல முதல்ல பார்த்துக்கங்க. ஹேங்கர்ல மாட்டுனா மணி எடையில நூல் தொய்யும். வேட்டித் துணியில சுத்தி, படுக்கவச்சே வைங்க.