ஃபைப்ரோனெக்டினுக்கு என்ன பெயர் வைப்பது?

கோவை:
செல் வளர்ப்புச் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுதுங்க. மனித இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்துக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். செல்கள் தட்டின் அடியைப் பற்றி வளர இதைத்தான் முதலில் பூசுகிறோம். இப்போதைக்கு ‘நார்ப்புரதம்’ என்று எழுதியிருக்கிறேன்.

பொள்ளாச்சி:
வேண்டாமுங்க. இந்தப் பக்கம் நார் என்றால் தேங்காய் மட்டை நார், மாணவருக்கோ நார்ச்சத்து. இரத்தம் உறையும்போது இழையாகும் ஃபைப்ரின் புரதத்துக்கும் அதே பெயர் பொருந்துமே! ஃபைப்ரினின் மூலப்புரதமான ஃபைப்ரினோஜன், த்ராம்பின் என்ற நொதி பட்டால் உறையும்; ஃபைப்ரோனெக்டின் உறையாது. குப்பி மாறினால் சோதனையே போச்சு.

ஈரோடு:
மூலச்சொல்லைப் பாருங்க. லத்தீனில் ஃபைப்ரா இழை, நெக்டெரே பிணைத்தல், ஆக ‘இழைப்பிணை’. பொற்கொல்லர் நகையில் ஒட்டவைக்கும் பொருளுக்குப் ‘பற்றாசு’ என்ற பழஞ்சொல்லும் உண்டு. ஆசிடை எதுகையில் (எதுகை எழுத்துக்கு முன் ய், ர், ல், ழ் ஒன்று இடையே வருவது) நடுவே வந்து நிற்பதும் அந்த ஆசுதான். இந்தப் புரதமும் ஒரு கையால் கொலாஜன் என்ற இழைப்புரதத்தையும் மறு கையால் செல்லின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற ஏற்பியையும் பிடித்து நடுவே நிற்கிறது. ‘இழைப்பற்றாசு’ எவ்வளவு பொருத்தம்!

கோபி:
அது வகுப்பில் ‘பட்டாசு’ என்றே காதில் விழும். ‘ஒட்டுப்புரதம்’ போதும்.

நாமக்கல்:
வினைத்தொகையில் ஒற்று மிகாது. சுடுசோறு போல ‘ஒட்டுபுரதம்’ என்றே வரணும்.

கோபி:
இங்கே ஒட்டு பெயர்ச்சொல். ஒட்டுக்கன்று என்கிறோமே, அது போல.

கோவை:
செய்முறைப் பகுதி இது, பார்த்துச் சொல்லுங்க. 1 மி.கி. பொடிக்கு 1 மி.லி. கிருமி நீக்கிய நீர் விட்டு, 37 டிகிரியில் அரை மணி நேரம் அசைக்காமல் வைக்கணும். குலுக்கினால் வெள்ளையாக நூல் நூலாகத் திரிந்துவிடும். ஆறு குழித் தட்டில் ஒரு குழி சுமார் 9.5 ச.செ.மீ.; 50 மைக்ரோலிட்டர் கரைசலைத் தாங்கல் கரைசலில் (அமில-காரத் தன்மையை மாறாமல் வைப்பது) 1 மி.லி. ஆக்கி ஊற்றினால் ச.செ.மீ.க்கு 5 மைக்ரோகிராம் வரும். ஒரு மணி நேரம் கழித்து மிச்சக் கரைசலை உறிஞ்சும்போது குழாய் முனை அடியில் உரசக்கூடாது. உரசின இடத்தில் செல் ஒட்டாமல் திட்டுத் திட்டாக வெறுமை விழும்.

சென்னிமலை:
‘பூசுதல்’ பெயிண்ட் வேலை. நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது நூல் வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும், மிச்சம் வடிந்துவிடும். இங்கேயும் அதேதான். ‘கஞ்சியேற்றல்’ வையுங்க.

பொள்ளாச்சி:
சோற்றுக் கஞ்சியைத் தட்டில் ஊற்றிவிடுவார்கள் அய்யா. பூசுதலே இருக்கட்டும்.

கோவை:
நேரமில்லைங்க. பெரும்பாலோர் சொன்னபடி முதல் இடத்தில் ‘ஃபைப்ரோனெக்டின் என்னும் ஒட்டுப்புரதம்’. அப்புறம் எல்லா இடத்திலும் ஃபைப்ரோனெக்டின். பூசுதலும் அப்படியே.

ஈரோடு:
விட்ரோனெக்டினும் லாமினினும் ஒட்டும் புரதங்கள்தானே? அடுத்த பாடத்தில் அவற்றுக்கு என்ன பெயர் வைப்பீங்க? நூல் நூலாகத் திரியும் என்று நீங்களே எழுதிவிட்டு இழையை விடுறீங்க. என் வாக்கு இழைப்பிணைக்கே.